நூம்பல் மாப்பிள்ளையும் அணு உலையும்

அணு உலையில் வேலை பார்க்கப் போகிற பையனுக்குப் பெண் கொடுக்கலாமா, கூடாதா என்று பார்த்து வரத்தான் என்னை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். பினாங்கில் ஒரு மருத்துவமனையில் பதினான்கு வருடமாக நான் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத கதிரோடு தினமும் பழகுகிறவள் வீட்டிலேயே ஒருத்தி இருக்கும்போது வெளியே யாரைப் போய்க் கேட்பது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார்.

பெண், அண்ணன் மகள் சுசீலா. பையன், சென்னைக்கு மேற்கே நூம்பலில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா கன்னியம்மாவின் மகன் தணிகாசலம். முறைப் பையன்தான். போட்டோ வந்தது, எல்லோருக்கும் பிடித்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை என்பதும் பிடித்தது. அடுத்த வருடம், மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் கட்டிக்கொண்டிருக்கும் அணுமின் நிலையத்தில் சேரப்போகிறான் என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்ததுதான் பிடிக்கவில்லை. அண்ணிக்கு அணு என்றால் குண்டு. முடி கொட்டும், பிள்ளை பிறக்காது, பிறந்தாலும் தேறாது என்றாள். எனக்கு மூன்று பிள்ளைகள் இருப்பதை நினைவுபடுத்தினேன். உன் கடைக்குட்டி கணக்கில் பூஜ்யம் வாங்குவதற்கு அதுதான் காரணமோ என்னவோ என்றாள். பெட்டியைக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை பூந்தமல்லி போகும் பஸ்ஸில் ஏறி, நூம்பல் வந்தால் சொல்லும்படி கண்டக்டரிடம் சொல்லிவைத்தேன். வேலப்பன்சாவடியில் இறங்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் அதை ஒரு ஆளின் பெயர் என்று நினைத்து, அவர் வந்து கூப்பிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். பூந்தமல்லியே வந்துவிட்டது. அங்கே ஒருவர் கை காட்டிய வண்டியில் ஏறினால் அது என்னைத் திருவேற்காட்டில், அம்மன் கோயில் கூட்டத்துக்கு நடுவில், ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு பிஸ்கட் டின்னோடும் இறக்கிவிட்டது. கையில் தீச்சட்டி ஏந்தி வந்த ஒரு பெண், என் டின்களைப் பார்த்து வழிவிட்டாள்.

கடைசியில் ஒரு செங்கல் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். பினாங்கு என்றேன். கொஞ்ச தூரம் மாட்டை ஓட்டியபடியே யோசித்தார்.

"அது ரங்கூனுக்கு இந்தாண்டியா, அந்தாண்டியா?"

அந்தாண்டை என்றேன். அவருடைய மச்சான் ஒருவர் ரங்கூனிலிருந்து திரும்பி வந்துவிட்டதால், அந்தாண்டை போனவர்களும் திரும்பி வருவதுதான் நியாயம் என்பதுபோலத் தலையாட்டினார். கன்னியம்மா அக்கா வீட்டு வாசலில் நான் இறங்கியபோது என் வெளிர்நீலப் புடவை செங்கல் நிறத்தில் இருந்தது.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. அத்தான் இறந்து எட்டு வருடம். கொஞ்சம் நெல், கொஞ்சம் கத்தரி, ஒரு கிணறு, அதில் ஒரு மின்சார மோட்டார். அந்த மோட்டார்தான் அவளை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று எழுந்து ஓடுவாள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். பத்து நிமிடத்தில் நின்றுவிடும். "வந்துட்டு பூட்டுது பாரு" என்று சலித்துக்கொண்டே திரும்பி வருவாள்.

மதியம் விரால் மீன் குழம்பு. எங்கள் ஊரில் மீன் குழம்பு என்றால் தேங்காய்ப் பால் ஊற்றி மஞ்சளாக, சாதுவாக இருக்கும். இது கறுத்து, புளித்து, என்னை ஒரு முறை உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்த்தியது. இரண்டாம் முறை நானே கேட்டு ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் தணிகாசலம் சைக்கிளில் வந்தான். தலை நிறைய முடி. அண்ணியின் முதல் கேள்விக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது. இருபத்தெட்டு வயது, டிப்ளமா படித்தவன், குறைவாகப் பேசுகிறவன். என்னைச் சித்தி என்று கூப்பிட்டான். தொழிற்பேட்டையில் இரும்புக் கலங்கள் செய்யும் ஒரு பட்டறையில், பற்றவைத்த இடங்களைக் காமா கதிரால் படம் எடுத்து, உள்ளே குறை இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. நான் மனிதர்களின் எலும்பைப் பார்க்கிறேன், அவன் இரும்பின் எலும்பைப் பார்க்கிறான். இது தெரிந்ததும் எனக்கு அவன்மேல் தொழில் பாசமே வந்துவிட்டது. ஆனால் வந்த வேலையை மறக்கவில்லை. அணு உலை எப்படி வேலை செய்யும் என்று அவன் அம்மா முன்னாலேயே கேட்டேன்.

அவன் அடுப்பைக் காட்டிச் சொன்னான். நெருப்புக்குப் பதில் யுரேனியம், அதன் சூட்டில் தண்ணீர் கொதித்து ஆவியாகும், ஆவி சக்கரத்தைச் சுற்றும், அவ்வளவுதான். அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒல வெக்கிறது எனக்குத் தெரியாதா? பொங்கி வந்தா இன்னா பண்ணுவீங்கோ, அத்தச் சொல்லு."

உலைக்குள் இருக்கும் ஒருவகைத் தண்ணீரை மொத்தமாக அடியில் உள்ள தொட்டிக்கு இறக்கிவிடுவார்கள், உடனே அணைந்துவிடும் என்றான்.

"தண்ணிய எட்த்தா நெருப்பு அணையுமா? ஊர் உலகத்துல ஊத்தினாத்தான்டா அணையும்."

இந்த நெருப்பு அப்படித்தான், அந்தத் தண்ணீர் இருந்தால்தான் எரியும் என்று அவன் பொறுமையாக விளக்கினான். அந்த நேரத்தில் நீ தூங்கிவிட்டால் என்று கேட்டாள். யாரும் தொடாமல் தானாகவே இறங்கும்படி வைத்திருக்கிறார்கள் என்றான். தானாக இறங்காவிட்டால் என்று கேட்டாள். இன்னொரு வழி இருக்கிறது என்றான். அதுவும் கைவிட்டால் என்றாள். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அதுக்குத்தாம்மா ஆளுங்கள வெக்கிறாங்கோ. மிசினு பாத்துக்கும்னு உட்டுட்டு இருக்க முடியாது."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு மறுபடி முறத்தை எடுத்தாள். அவளுக்குத் திருப்தியா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு, பதிலைவிட அந்தக் கொஞ்ச நேர மௌனம் பிடித்திருந்தது.

சனிக்கிழமை பட்டறையைப் பார்க்க என்னை அம்பத்தூருக்கு வரச் சொல்லியிருந்தான். ஆவடியில் ரயில் ஏறினேன். கரித்தூள் கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தால் வண்டி நேர் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பினாங்கு ஒரு தீவு. எந்த வண்டியில் தவறி ஏறினாலும் கடைசியில் கடல் வந்துவிடும், இறங்கிக்கொள்ளலாம். இங்கே நான் திருநின்றவூரில் இறங்கி, திரும்பும் வண்டிக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருந்தது.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியை பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். அங்கே குறைந்த வாடகையில் வீடு, பெரம்பூரில் பள்ளிக்கூடம், தினமும் ரயிலிலேயே பாதி வாழ்க்கை. ஏரிக் காற்று தாளைப் பறக்கடிக்க, நான் ஓடிப் பிடித்துக் கொடுத்ததில் பழக்கமானோம். பையில் இருந்த கொய்யாப்பழத்தை மிளகாய்த்தூள் போட்டுப் பாதி கொடுத்தார். நான் வந்த காரியத்தைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார், அணுவை வரையச் சொன்னால் தன் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் குடை மாதிரிப் புகையைத்தான் வரைகிறார்கள் என்று. கரண்டு இல்லாமல் மண்ணெண்ணெய் விளக்கில் தாள் திருத்தும்போது, எந்த அணுவாவது வந்து எரியட்டும் என்று தனக்கே தோன்றுமாம். வண்டி வரும்போது எழுந்துகொண்டே ஒன்று கேட்டார்.

"எங்க வீட்டு அடுப்புச் சாம்பலை எருக்குழியில கொட்டறேன். அவங்க அடுப்புச் சாம்பலை எங்க கொட்டுவாங்கன்னு அந்தப் பையனைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எக்ஸ்ரே குழாயை அணைத்தால் கதிரும் நின்றுவிடும், சாம்பல் கிடையாது. அதனால் எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியதில்லை. அம்பத்தூர் போவதற்குள் பட்டறை மூடிவிட்டதால், அன்று சாயங்காலம் வீட்டில்தான் தணிகாசலத்திடம் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. எரிந்து தீர்ந்த பிறகும் அது சுடும், தண்ணீருக்குள் போட்டுக் காவல் காக்க வேண்டும், நம் காலத்தில் ஆறாது என்றான். "எங்க பேரப் பசங்களுக்கும் அந்தக் காவல் வேலை கீது சித்தி. எங்க வெச்சா நிம்மதின்னு இன்னும் யாரும் முடிவா சொல்லல." மாப்பிள்ளை பார்க்க வந்தவளிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வேறு யாராவதாக இருந்தால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் என்னைத் தனியாக விடவில்லை. கூடவே அழைத்துப் போனான். அம்பத்தூரில் ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் வடகறியும். வடகறி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. மிஞ்சிய வடை என்று அவன் சொல்லியிருக்க வேண்டாம், ஆனாலும் இலையை வழித்துவிட்டேன்.

பட்டறையில் அன்று வேலை ஆட்கள் இல்லை. ஆட்கள் இல்லாத நாளில்தான் கதிரைத் திறப்பார்கள். முதலாளி, வாசலில் நின்ற லாரியின் டிரைவர், காவல்காரர், வெல்டர் ஏழுமலை, இவ்வளவுதான் பேர். ஏழுமலை தணிகாசலத்தின் அக்கா கணவர். என்னைவிட மூன்று வயதுதான் சின்னவர், என்னை அத்தே என்று கூப்பிட்டு ஒரே நாளில் கிழவியாக்கிவிட்டார். தணிகாசலத்துக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும், அப்பா இல்லாத வீட்டில் இந்தக் கல்யாணத்தை முன்னின்று நடத்த வேண்டியவரும் அவர்தான். நடுவில் ஆளுயரத்தில் ஒரு எஃகுக் கலம் பளபளவென்று நின்றது. அணுமின் நிலையத்துக்குப் போக வேண்டியது. அதைத் தட்டிக் காட்டி, இருபது வருடத்தில் தான் போட்ட நல்ல வேலை இது என்றார். உண்மையாகவே அழகாக இருந்தது. பற்றவைத்த தடம் மீன் செதில் மாதிரி வரிசையாக ஓடியது.

கதிர்ப் பெட்டி ஒரு குடத்தளவு ஈயக் கட்டி. உள்ளே இருப்பது மிளகளவுதான் என்றான் தணிகாசலம். சுற்றிலும் கயிறு கட்டினான், சிவப்புத் துணி தொங்கவிட்டான், கையில் கதிர் அளக்கும் மீட்டரோடு நடந்து பார்த்தான். பிறகு ஆட்களை எண்ணினான். லாரிக்கு அடியில் தூங்கிய டிரைவரை எழுப்பி வாசலுக்கு வெளியே அனுப்பினான். காவல்காரரின் நாய் உள்ளே நுழைய, அதையும் வெளியேற்றிவிட்டு முதலிலிருந்து எண்ணினான். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவன் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், டாக்டர் அவசரப்படுத்தினார் என்று ஒரு பெண்ணுக்கு வயிற்றில் படம் எடுத்துவிட்டேன். கர்ப்பமா என்று கேட்கவில்லை. மூன்று மாதம் என்று பிறகு தெரிந்தது. அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள், குழந்தை எப்படி இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிலிருந்து எழுபது வயதுக் கிழவியிடம்கூடக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாயைக்கூட எண்ணுகிற இந்தப் பையனைப் பார்த்தபோது, அந்த டாக்டருக்கு முன் நானும் இப்படி நின்றிருக்கலாமே என்றிருந்தது.

குளியலறையை இருட்டறையாக மாற்றி வைத்திருந்தார்கள். எட்டுப் படங்களும் கழுவிக் காயும் நேரத்தில் கரண்டு போய்விட்டது. படம் பார்க்கும் விளக்குப் பெட்டி இருண்டது. நாட்டுக்கே மின்சாரம் தரப்போகிற நிலையத்தின் சாமானைச் சோதிக்க ஒரு பல்பு எரியவில்லை. காவல்காரர் துவைத்துக் கொடியில் போட்டிருந்த வெள்ளை வேட்டியைத் தணிகாசலம் வெயிலுக்கு நேராக இழுத்துக் கட்டி, அதன்முன் ஒவ்வொரு படமாகப் பிடித்துப் பார்த்தான். ஐந்தாவது படத்தில் நின்றான். வெகுநேரம் நின்றான். பிறகு படத்தையும் பூதக்கண்ணாடியையும் என்னிடம் கொடுத்தான்.

"சித்தி, இத்தக் கொஞ்சம் பாருங்கோ."

எந்த இடம் என்று சொல்லவில்லை. சொன்னால் என் கண் அதையே தேடும் என்று அவனுக்குத் தெரியும். முதல் பார்வையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது முறையும் தெரியவில்லை. ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றார். ஒன்றுமில்லை என்று அப்போதே சொல்லியிருந்தால் லாரி கிளம்பியிருக்கும், வெற்றிலை பாக்கு மாற்றியிருப்போம், நான் மறு வாரம் கப்பல் ஏறியிருப்பேன். மூன்றாவது முறை, தடத்தின் ஓரத்தில் ஒரு தலைமுடி விழுந்திருக்கிறது என்று நினைத்து ஊதினேன். அது போகவில்லை. விரலால் தொட்டேன். அது படத்துக்குள்ளே இருந்தது.

இங்கே ஒரு கோடு இருக்கிறது என்று சொன்னேன். தணிகாசலம் மூச்சை விட்டான். அவன் பார்த்ததும் அதே இடம்.

படத்தில் விழுந்த கீறலாக இருக்கும் என்றார் முதலாளி. அதுவும் நியாயம்தான். மறுபடி கயிறு, மறுபடி மீட்டர், மறுபடி டிரைவர், நாய். இரண்டாவது படத்திலும் முடி அதே இடத்தில் இருந்தது.

முதலாளி உள்ளே போய்ப் போனில் தன் அண்ணனிடம் தெலுங்கில் பேசினார். எனக்குப் புரியவில்லை. தணிகாசலத்திடம் கேட்டேன். தன்னைப் பற்றிய பேச்சு என்றும் பாராமல், வார்த்தை விடாமல் தமிழில் சொன்னான். ஒரு மயிரிழையைக் காட்டி லாரியை நிறுத்துகிறான், சாட்சிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மாவையும் கூட்டிவந்திருக்கிறான் என்றாராம்.

வெளியே வந்து முதலாளி நிதானமாகவே பேசினார். இது தண்ணீர் போகிற கலம்தான், கோடு சின்னது, சொன்ன தேதியில் அனுப்பாவிட்டால் இனி இந்தப் பட்டறைக்கு அப்படிப்பட்ட வேலை வராது, நாற்பது குடும்பம் இதை நம்பி இருக்கிறது, அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தணிகாசலம் கையெழுத்துப் போட முடியாது என்றான். அந்த இடத்தை வெட்டிப் பார்க்கலாம், உள்ளே எதுவும் இல்லையென்றால் என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுங்கள் என்றான்.

ஏழுமலை அப்போதுதான் வாய் திறந்தார்.

"இருவது வர்சமா வெல்டிங் அடிச்சிகினு கீறேன். இது நொட்டைன்னு ஒர்த்தன் விரல் வெச்சிக் காட்னது இல்ல. நீ காட்றியா மச்சான்?"

"ஆமா மாமா," என்றான் தணிகாசலம். படத்தைக் கீழே வைக்கவில்லை.

மாப்பிள்ளையைப் பார்க்க வந்து, அவன் வேலையையும் அக்கா குடும்பத்து உறவையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனோ என்று திரும்பும் பஸ்ஸில், ஆவடி ரோட்டுக் குழிகளில் குலுங்கிக்கொண்டே யோசித்தேன்.

திங்கட்கிழமை நானும் போனேன். அறுக்கும் இயந்திரத்துக்குக் கரண்டு வரட்டும் என்று முதலாளி சொன்னார். ஏழுமலை காத்திருக்கவில்லை. வேறு யாரையும் தொடவும் விடவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தன் வேலையைத் தானே செதுக்கினார். ஒவ்வொரு அடியிலும் மீன் செதில்கள் தெறித்தன. விரலளவு ஆழம் போனதும் தணிகாசலம் ஒரு சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவினான். எல்லோரும் குனிந்து பார்த்தோம். வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. என் கட்டைவிரல் நீளம்.

ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்.

"அன்னிக்கு பாதில கரண்டு பூட்ச்சி. திரும்பி வர்றதுக்குள்ள ஆறிட்ச்சி. அத்த மொத்தமா ராவிட்டு மறுபடி சூடு பண்ணிப் போட்டிருக்கணும். லாரி வரும்னு மேலயே அடிச்சிட்டேன்."

முதலாளி லாரி டிரைவரைக் கூப்பிட்டு நான்கு நாள் கழித்து வரச் சொன்னார். பிறகு அந்த அணுமின் நிலையத்துக்குத் தானே போன் செய்து, தாமதம் ஏன் என்பதை உள்ளபடி சொன்னார். போனை வைத்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொல்ல, தணிகாசலம் என் பக்கம் திரும்பினான். அவர்கள் திட்டவில்லையாம், நன்றி சொன்னார்களாம், அதுதான் அவருக்குப் புரியவில்லையாம். எல்லோருக்கும் டீ வந்தது. ஏழுமலை குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

முடிவை அண்ணன் என்னிடமே விட்டிருந்ததால், புதன்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாக இருந்தது. நானும் அக்காவும் பூந்தமல்லிப் பூக்கடைக்குப் போய் ஈரத் துணியில் மல்லிகை கட்டி வாங்கி வந்தோம். பினாங்கில் பூவை எண்ணித்தான் கொடுப்பார்கள். இங்கே முழம் போடும் பெண்ணின் கை நீளத்தைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அக்கா சொல்லிக் கொடுத்தாள். வீடு முழுக்க மணந்தது. ஏழுமலை வரவில்லை. தணிகாசலம் இரண்டு முறை சைக்கிளில் போய்க் கூப்பிட்டுவிட்டு, அவர் வரவில்லை என்று மட்டும் சொல்லித் திரும்பினான். பெரிய மாப்பிள்ளை வராமல் தட்டு மாற்ற முடியாது என்று அக்கா பூவை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். மகனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோட்டாரை மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகத் திட்டினாள்.

வியாழக்கிழமை மாலை, வெளிச்சம் இருக்கும்போதே ஏழுமலை வந்தார். கண் சிவந்திருந்தது. மூன்று நாளாகப் பட்டறையிலேயே இருந்திருக்கிறார். செதுக்கிய இடம் முழுவதையும் அரத்தால் ராவி, கரி அடுப்பு மூட்டிச் சூடேற்றி, கரண்டு போனால் அந்தச் சூடு ஆறாமல் காத்து, மறுபடி பற்றவைத்திருக்கிறார். கையில் ஒரு நீளமான காகித உறை. அதைத் தணிகாசலத்திடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"பாரு அத்தே."

எட்டுப் படங்கள். வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். ஐந்தாவதை மூன்று முறை பார்த்தேன். அக்காவும் என் தோள் வழியே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மாப்ள இது, ஒண்ணுமே இல்லியே."

"அதான் அத்தே. ஒண்ணுமே இல்ல," என்று ஏழுமலை சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

அன்று காலை ஆட்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு அந்தப் படங்களை எடுத்தவன் தணிகாசலம்தான். மதியமே அவனுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறான். ஏன் என்று பிறகு கேட்டேன். மாமா வாயால் வரட்டும் என்று நினைத்தானாம்.

ஏழுமலை இரண்டு தட்டு மீன் குழம்புச் சோறு சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து தணிகாசலத்தின் தோளில் கை வைத்தார். "நீ அந்த ஒலைக்கு வேலக்கிப் போனாலும் இப்டியே இரு மச்சான். சொந்தக்காரன் போட்டதுன்னு உட்றாத." தணிகாசலம் தலையாட்டினான். மறுநாள் தட்டு மாற்ற வேண்டும் என்று அக்கா அப்போதே முடிவு செய்தாள். நடந்ததையெல்லாம் எழுதி, பினாங்கிலிருந்து பதில் வரட்டும் என்று இந்த முறை நான்தான் நிறுத்தினேன்.

அன்றே அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். அணு மின்சாரம் ஐம்பது வருடம் கழித்து நல்லதாக முடியுமா, கெட்டதாக முடியுமா என்று எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்பவர்களை நம்பவும் வேண்டாம் என்று எழுதினேன். அந்த உலைக்குச் சாம்பல் உண்டு, அதற்கு இன்னும் இடம் முடிவாகவில்லை என்பதையும் எழுதினேன். முடி கொட்டவில்லை, அவன் வாங்கும் கதிர் நான் வாங்குவதைவிட அதிகமில்லை, பட்டறையில் கதிர் அளவு எழுதும் பதிவேட்டைப் பார்த்தேன் என்றும் எழுதினேன். பிறகு பட்டறையில் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை, நாயைக்கூட விடாமல் எழுதினேன். அந்த உலையை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கேட்டால் இவனைப் போன்றவர்கள் என்பேன், அதில் எனக்குப் பயம் குறைகிறது, உங்கள் மகளை யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்டாலும் எனக்கு அதே பதில்தான் என்று முடித்தேன்.

பதில் வரப் பதினோரு நாள் ஆனது. அதற்குள் நான் பூந்தமல்லி பஸ்ஸில் தவறாமல் வேலப்பன்சாவடியில் இறங்கக் கற்றுக்கொண்டேன். அக்காவின் மோட்டாரை நானும் ஓடிப் போய்ப் போடப் பழகிவிட்டேன். கலம் லாரி ஏறிப் போனது. ஏழுமலை அதற்குச் சூடம் காட்டினார், முதலாளி தேங்காய் உடைத்தார்.

கடிதத்தை எழுதியது அண்ணன் இல்லை, அண்ணி. அணுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சம்மதம் என்ற வார்த்தையும் இல்லை. அங்கே நல்ல சட்டைத் துணி வந்திருக்கிறது, மாப்பிள்ளையின் அளவை உடனே அனுப்பவும் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நான் படித்துக் காட்டி முடிப்பதற்குள் அக்கா ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தணிகாசலம் முற்றத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூச்சத்தோடு நின்றான். மார்பைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டவள், கொஞ்சம் யோசித்துவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். நாலு விரல் தள்ளி மறுபடி போட்டாள்.

"கண்ணாலம் ஆனா சதை போடுவான்," என்றாள். "லூசாவே தெக்கச் சொல்லு."